“எல்பி பிஎல்ஏ2 கூடியிருக்கிறது, குறைக்க மாத்திரை உண்டா?”

சேலம் சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை நடத்தும் 44 வயது வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன்பு அவருடைய அண்ணனுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அண்ணனின் ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் ‘நார்மல்’ என்றுதான் இருந்ததாம். “கொலஸ்ட்ரால் சரியாக இருந்தும் அட்டாக் வந்ததென்றால் காரணம் வேறு ஏதோ” என்று தேட ஆரம்பித்த தம்பி, ஒரு லேபில் ‘ஹார்ட் பேக்கேஜ்’ எடுத்திருக்கிறார். அதில் எல்பி பிஎல்ஏ2 என்ற நொதி அளவுக்கு மேல் இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 142, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் ஹெச்டிஎல் 35, ட்ரைகிளிசரைடு 220, மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1, ரத்த அழுத்தம் 144/92. அழற்சியைக் காட்டும் சிஆர்பி 4.2. நாளைக்கு நாலைந்து சிகரெட். குடும்ப டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ரோசுவாஸ்டாடின் 10 மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்று வாரம் போட்டுவிட்டு, ‘சர்க்கரை வந்துவிடும், லிவர் போய்விடும்’ என்று யாரோ சொன்னதால் நிறுத்திவிட்டார்.

அவர் கேட்பது மூன்று. அந்த நொதியைக் குறைக்கும் டாராப்ளாடிப் என்ற மருந்தை வெளிநாட்டிலிருக்கும் அக்கா மகன் மூலம் வரவழைக்கலாமா? உடனே ஆஞ்சியோ செய்துகொள்ள வேண்டுமா? 17 வயது மகனுக்கும் இந்த டெஸ்டை எடுக்கலாமா? கூடவே, அண்ணன் ‘ரத்தக் கட்டியைக் கரைக்கும் என்சைம்’ என்று நாட்டோகைனேஸ் கேப்சூல் வாங்கி வைத்திருக்கிறாராம். அதைப் பற்றியும் சொல்லச் சொல்கிறார்.

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்

அன்புள்ள வாசகருக்கு, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், வேறு எதையோ சொல்லிக்கொண்டு வரும்போது இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “போன மாதம் ஏற்காட்டில் மாமனார் வீட்டுக்கு மேட்டில் ஏறும்போது நெஞ்சு நடுவில் இறுக்கமாக இருந்தது. நின்றதும் சரியாகிவிட்டது. வாயுதான், ஒரு கோலி சோடா குடித்தேன். போன வாரமும் ஒரு தடவை அதே மேட்டில்.” அந்த நொதி எண்ணை மூன்று இடத்தில் அடிக்கோடிட்டிருக்கிறீர்கள். எனக்கு இந்த நாலு வரிதான் முக்கியம்.

ஏறும்போது வந்து, நின்றதும் ஓரிரு நிமிடத்தில் அடங்கி, திரும்ப அதே மேட்டில் வரும் இறுக்கத்தை வாயு என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வாயுத் தொல்லை பெரும்பாலும் சாப்பாட்டோடு ஒட்டி வரும். நடப்பதற்கும் நிற்பதற்கும் இப்படிக் கட்டுப்படாது. உழைப்பில் வந்து ஓய்வில் போவது, இதயத் தசைக்குத் தேவையான ரத்தம் அந்த நேரத்தில் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். சோடா குடித்ததால் சரியானதாக நினைக்கிறீர்கள். நீங்கள் நின்றதால் சரியாகியிருக்கும்.

இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். “எல்பி பிஎல்ஏ2 கூடியிருக்கிறது” என்று பேச்சைத் தொடங்காதீர்கள். “மேடு ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, ஒரு மாதத்தில் இரண்டு தடவை வந்தது, அண்ணனுக்கு 49 வயதில் மாரடைப்பு” என்று தொடங்குங்கள். இசிஜி, எக்கோ எடுப்பார்கள். அதன்பிறகு டிரெட்மில் டெஸ்டா, சிடி ஆஞ்சியோவா, நேராக ஆஞ்சியோகிராமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஓய்வில் எடுத்த இசிஜி நார்மலாக வந்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். இந்த வகை இறுக்கம் உள்ள பலருக்கு உட்கார்ந்திருக்கும்போது இசிஜி சரியாகத்தான் இருக்கும். தனியாரில்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். அதுவரை மேடு ஏறுவது, பட்டறையில் கனம் தூக்குவது, சிகரெட் மூன்றையும் நிறுத்திவையுங்கள்.

அதற்குள் இறுக்கம் சும்மா இருக்கும்போதே வந்தாலோ, பத்து நிமிடத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். மலையில் இருக்கும்போது அப்படி ஆனால், கீழே போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்களே வண்டியை எடுத்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்காதீர்கள். ஏற்காடு அரசு மருத்துவமனைக்கு முதலில் போங்கள். இசிஜி எடுத்து, முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் இறக்குவதுதான் பாதுகாப்பு. 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள்.

ஆஞ்சியோ பற்றிய உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு நொதி எண்ணை மட்டும் பார்த்து ஆஞ்சியோ செய்யச் சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தேவைப்படலாம், அதற்குக் காரணம் அந்த மேடு, லேப் ரிப்போர்ட் இல்லை.

இந்த நொதி என்னதான் செய்கிறது?

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் படித்ததில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்பி பிஎல்ஏ2 என்பது பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகையை வெட்டும் நொதி. மாக்ரோபேஜ் எனப்படும் வெள்ளணுக்கள்தான் இதை அதிகம் சுரக்கின்றன. ரத்தத்தில் இது தனியாகச் சுற்றுவதில்லை. சுமார் 80 சதவீதம் எல்டிஎல் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டுதான் போகும். அந்த எல்டிஎல் ரத்தக் குழாயின் உள்சுவருக்கு அடியில் நுழைந்து தங்கி, அங்கே ஆக்சிஜனேற்றம் அடையும்போது இந்த நொதிக்கு வேலை வருகிறது. கெட்டுப்போன பாஸ்போலிப்பிடை வெட்டி லைசோபாஸ்பாடிடில்கோலின் என்ற பொருளையும், ஆக்சிஜனேற்றம் அடைந்த கொழுப்பு அமிலங்களையும் உண்டாக்குகிறது. இரண்டுமே அழற்சியைத் தூண்டக் கூடியவை. மேலும் வெள்ளணுக்கள் அங்கே வந்து சேர்கின்றன. கொழுப்பை விழுங்கி நுரை செல்களாகி அங்கேயே சாகின்றன. கொழுப்புப் படிவின் நடுப்பகுதி இப்படித்தான் கூழாகிறது. மேல் மூடி மெலிந்து ஒருநாள் கிழிந்தால் அதன்மேல் ரத்தம் உறைகிறது, மாரடைப்பு வருகிறது. கிழிந்த படிவுகளுக்குள் இந்த நொதி நிறைய இருப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

இதே நொதிக்கு இன்னொரு முகமும் உண்டு. முதலில் இது பிஏஎஃப் என்ற, தட்டணுக்களைத் தூண்டி அழற்சியைக் கிளப்பும் பொருளைச் சிதைக்கும் நொதியாகத்தான் அறியப்பட்டது. அந்தக் கணக்கில் இது நன்மை செய்வது. ஒரே நொதி ஒரு பக்கம் அழற்சியை அணைக்கிறது, இன்னொரு பக்கம் கிளப்புகிறது. கூட்டிக் கழித்தால் உடம்புக்கு நல்லதா கெட்டதா என்பது பல வருடம் விவாதமாகவே இருந்தது.

2000-ல் ஸ்காட்லாந்து ஆண்களிடம் நடந்த ஆய்வில், இந்த நொதி மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மிகக் குறைவாக இருந்தவர்களைவிட இதயப் பாதிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. 2010-ல் 32 ஆய்வுகளைச் சேர்த்து 79,036 பேரின் விவரத்தை அலசியபோதும் தொடர்பு இருப்பது உறுதியானது. ஆனால் அதில் ஒரு பகுதி, இது எல்டிஎல்லோடு சேர்ந்தே போவதால் வருவது என்பதும் தெரிந்தது.

டாராப்ளாடிப்புக்கு என்ன ஆனது

இங்கேதான் உங்கள் அக்கா மகனுக்குப் பதில் இருக்கிறது. நொதி கூடியவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்றால், நொதியை முடக்கினால் மாரடைப்பு குறைய வேண்டும். டாராப்ளாடிப் அப்படித்தான் வந்தது. பன்றிகளில் கொடுத்தபோது படிவுகளின் கூழான பகுதி குறைந்தது, 2008-ல் எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. மனிதர்களிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன, 2014-ல் இரண்டின் முடிவும் வெளிவந்தன.

ஸ்டெபிலிட்டி என்ற ஆய்வில் 39 நாடுகளைச் சேர்ந்த 15,828 இதய நோயாளிகள். சராசரியாக மூன்றே முக்கால் வருடம் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்தால், மருந்து எடுத்தவர்களில் 9.7 சதவீதம் பேருக்கு வந்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 10.4 சதவீதம். தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது. சாலிட் என்ற மற்ற ஆய்வில், மாரடைப்பு வந்த கொஞ்ச நாளிலேயே 13,026 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் மருந்துக் குழுவில் 16.3, மற்றதில் 15.6. பலனே இல்லை. வயிற்றுப்போக்கும், உடம்பிலும் சிறுநீரிலும் வீசும் ஒரு கெட்ட வாடையும்தான் மிச்சம். அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு நொதியைத் தடுக்க வந்த வரெஸ்ப்ளாடிப் மருந்தின் கதை இன்னும் மோசம்: 5,145 பேரிடம் நடந்த ஆய்வில் மருந்து எடுத்தவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வந்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு இதைவிட அழுத்தமான சான்றாகத் தோன்றுவது மரபணுவிலிருந்து வருவது. ஜப்பானியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு ஒரு மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே இந்த நொதி வேலை செய்வதில்லை. சீனாவிலும் அந்த மாற்றம் உண்டு. அங்கே சுமார் 90,000 பேரைப் பார்த்ததில், பிறந்ததிலிருந்து நொதி குறைவாக இருந்தும் இதய, ரத்தக் குழாய் நோய்கள் அவர்களுக்குக் குறையவில்லை.

உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். டச் மிஷினில் வெள்ளியின் டச், அதாவது சுத்தம், குறைவாகக் காட்டுகிறது. மிஷினில் வரும் எண்ணை மட்டும் யாராவது கூட்டிக் காட்டினால் கொலுசு தரமாகிவிடுமா? திரும்ப உருக்கினால்தானே ஆகும்? இந்த நொதியும் அப்படி ஓர் எண். ரத்தக் குழாயில் என்னவோ நடக்கிறது என்று அது காட்டலாம். அதைக் குறைத்ததால் யாரும் பிழைத்ததாகச் சான்று இல்லை. எனவே டாராப்ளாடிப் வேண்டாம். இதய நோய்க்கென்று அனுமதி பெற்று விற்பனைக்கு வந்த மருந்தும் இல்லை அது. பார்சலில் எந்தப் பெயரோடு எது வந்தாலும் வாயில் போடாதீர்கள். அந்த டெஸ்டை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்கவும் வேண்டாம். பேக்கேஜில் இதைச் சேர்த்து மக்களைப் பயமுறுத்துவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காசில் கீழே சொல்லும் ஒரு டெஸ்டை எடுத்திருக்கலாம்.

அண்ணனின் ‘நார்மல்’ கொலஸ்ட்ரால்

உங்கள் தேடல் முழுவதும் இந்த ஒரு வார்த்தையில் தொடங்கியிருக்கிறது, அதனால் இதைச் சரிபார்த்துவிடுவோம். அண்ணனுக்கு அந்த ரத்தம் எப்போது எடுத்தார்கள்? அட்மிட் ஆகி மூன்றாம் நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். மாரடைப்பு வந்து ஒரு நாள் தாண்டினாலே எல்டிஎல் இறங்கத் தொடங்கிவிடும். மூன்றாம் நாள் எண் அவருடைய வழக்கமான எண் இல்லை. அதுபோக, லேப் தாளில் ‘நார்மல்’ என்று போட்டிருக்கும் எல்லை எல்லோருக்கும் பொதுவானது. குடும்பத்தில் சிறு வயதில் மாரடைப்பு, சிகரெட், ஏறும் சர்க்கரை என்று இருப்பவருக்கு அந்த எல்லை பொருந்தாது. 2024-ல் வந்த இந்திய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதலே, ஆபத்து குறைந்தவர்களுக்கு 100-க்குக் கீழ், அதிகமானவர்களுக்கு 70-க்குக் கீழ், மிக அதிகமானவர்களுக்கு 55-க்குக் கீழ் என்று எல்டிஎல் இலக்கைப் பிரித்திருக்கிறது. உங்கள் 142 எந்தக் கணக்கிலும் அதிகம்தான்.

நான் சொன்ன அந்த டெஸ்ட் லிப்போபுரோட்டீன் ஏ. இது எல்டிஎல் போன்ற ஒரு துகள், பரம்பரையாக வருவது. நம் நாட்டுக்காரர்களில் நாலு பேரில் ஒருவருக்குக் கூடுதலாக இருக்கும். வழக்கமான கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டில் இது தனியாகத் தெரியாது. எல்பி பிஎல்ஏ2 நொதி இதன் மேலும் ஒட்டியிருக்கும். வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும், ஏனென்றால் பெரிதாக மாறாது. 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் எல்டிஎல்லை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். நீங்களும் அண்ணனும் இருவருமே எடுங்கள்.

நிறுத்திய மாத்திரை

ரோசுவாஸ்டாடின் போன்ற ஸ்டாடின் மாத்திரைகளால் எல்டிஎல் குறையும். எல்டிஎல் துகள்கள் குறைவதால் அதன்மேல் சவாரி செய்யும் எல்பி பிஎல்ஏ2-வும் கூடவே இறங்கும். நீங்கள் தேடி அலைந்த வேலையையும் சேர்த்துச் செய்யும் மாத்திரையைத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள். எல்டிஎல்லில் ஒவ்வொரு 39 மில்லிகிராம் குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்பது பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து உறுதியானது. ரோசுவாஸ்டாடின் 10 உங்கள் 142-ஐ 80 பக்கம் கொண்டுவரக்கூடும்.

சர்க்கரை பற்றிய பயம் பொய் இல்லை, அளவுதான் மிகைப்பட்டிருக்கிறது. 2008-ல் வந்த ஜூபிடர் ஆய்வில் ரோசுவாஸ்டாடின் 20 எடுத்தவர்களில் 3 சதவீதம் பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது, எடுக்காதவர்களில் 2.4 சதவீதம் பேருக்கு. ஏற்கெனவே விளிம்பில் இருப்பவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் வருகிறது. உங்கள் 6.1 அந்த விளிம்பில்தான் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஆனால் அதே ஆய்வில் இதயப் பாதிப்புகள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தன. சர்க்கரையைச் சாப்பாட்டிலும் நடையிலும் மாத்திரையிலும் பிடிக்கலாம். செத்துப்போன இதயத் தசையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. லிவர் பாதிப்பு அரிது, டெஸ்ட் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். தசை வலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவையோ மாத்திரையையோ மாற்றுவார். இதய மருத்துவரைப் பார்க்கும்போது இதைத் திரும்பத் தொடங்குவது பற்றி நீங்களே கேளுங்கள்.

சிகரெட்டை “நாலைந்துதான்” என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கே, இருபது பிடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய ஆபத்தில் பாதி வந்துவிடுகிறது. குறைப்பதில் பெரிய பலன் இல்லை, விட வேண்டும். 144/92-ஐயும் கவனிக்க வேண்டும். வீட்டில் ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பட்டறையில் பத்து மணி நேரம் தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறீர்கள், பிறகு ராத்திரி பரோட்டாவோ, திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் போட்ட பலகாரமோ. நடையை டாக்டர் சரி என்று சொன்ன பிறகு தொடங்கலாம். சாப்பாட்டை இன்றைக்கே மாற்றலாம்.

அழற்சி என்பதே பொய்யா என்று கேட்பீர்கள். பொய் இல்லை. 2017-ல் கான்டோஸ் ஆய்வில், கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசியால் மாரடைப்பு உள்ளிட்டவை 15 சதவீதம் குறைந்தன. கூடவே உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கொஞ்சம் கூடின. அழற்சியைக் குறைக்கும் கோல்ச்சிசின் மாத்திரை, குறைந்த அளவில், 2020-ல் நல்ல பலன் காட்டியது. 2024-ல் மாரடைப்பு வந்த உடனே கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆக, எந்த அழற்சியை, யாருக்கு, எந்த இடத்தில் தடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோல்ச்சிசின் நம் செங்காந்தளில் இருப்பது என்று யாராவது சொல்லி, கண்வலிக்கிழங்கைத் தேடிப் போய்விடாதீர்கள். அது உயிரைக் கொல்லும் விஷம். உங்கள் சிஆர்பி 4.2-ஐப் பற்றியும் இப்போது கவலை வேண்டாம். ஈறு வீங்கிப் பல் டாக்டரிடம் போன வாரத்தில் எடுத்த ரத்தம் அது. ஈறு ஆறி சில வாரம் கழித்து எடுத்தால்தான் அதற்கு அர்த்தம்.

மகனும் அண்ணனும்

மகனுக்கு நொதி டெஸ்ட் வேண்டாம். சாதாரணக் கொலஸ்ட்ரால் டெஸ்ட் ஒருமுறை எடுங்கள். உங்கள் லிப்போபுரோட்டீன் ஏ கூடியிருந்தால் அவனுக்கும் அதைப் பாருங்கள். எல்டிஎல் 130-க்கு மேல் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அவன் கண்ணுக்கு முன்னால் நீங்கள் சிகரெட் பிடிக்காமல் இருப்பது, எந்த டெஸ்டையும்விட அவனுக்கு உதவும்.

அண்ணன் விஷயம் அவசரம். நாட்டோகைனேஸ் கேப்சூலை 265 பேருக்கு மூன்று வருடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ரத்தக் குழாய்ப் படிவு வளர்வதில் எந்த வித்தியாசமும் இல்லை. அவர் ஏற்கெனவே ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் எடுக்கிறார். ரத்தம் உறைவதைத் தளர்த்தும் இன்னொன்றைச் சேர்த்தால் வயிற்றிலோ மூளையிலோ ரத்தக் கசிவு வரலாம். அதைவிடப் பெரிய பயம், “இதைப் போட்டால் போதும்” என்று அந்த இரண்டு மாத்திரைகளையும் அவர் நிறுத்திவிடுவது. ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. மாரடைப்புக்குப் பிறகு இரண்டையும் சேர்த்துப் பொதுவாக ஒரு வருடம் எடுக்கச் சொல்வோம். இடையில் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து இரண்டாவது மாரடைப்பு வரலாம், அது முதலாவதைவிடக் கொடியதாக இருக்கக்கூடும். இன்றைக்கே அவரிடம் பேசுங்கள். கேப்சூல் டப்பாவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரைச் சீட்டில் எத்தனை வேளை விட்டுப்போயிருக்கிறது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். விட்டிருந்தால், ஸ்டென்ட் வைத்த டாக்டருக்கு இன்றைக்கே போன் செய்து சொல்லுங்கள். அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.